பிள்ளைகள் பழகக் கற்கும் இடம்: திருகோணமலையில் அன்றும் இன்றும்

2009 ஒக்டோபர் வரை கிண்ணியாவிலிருந்து திருகோணமலைப் பட்டினத்துக்கு வருகிறவர்கள் கரையில் நின்று பாதைக்குக் காத்திருந்தார்கள். ஆட்கள், சைக்கிள்கள், லொறிகள், மீன் பெட்டிகள் எல்லாம் அந்த மிதவையில்தான் கடந்தன. பிறகு 396 மீற்றர் நீளத்தில் பாலம் வந்தது. திறந்த நாளில் நாட்டிலேயே மிக நீளமான பாலம் அதுதான். அடுத்த சில ஆண்டுகளில் மூதூர் வீதியில் மிச்சமிருந்த துறைகளுக்கும் பாலங்கள் வந்துவிட்டன. லாஞ்சை நம்பி வாழ்ந்த மூதூர்ச் சனம் இன்று பஸ்ஸில் பட்டினத்துக்குப் போய்வருகிறது.

கரைகள் இணைந்துவிட்டன. அந்தக் கரைகளில் வளரும் பிள்ளைகள் இன்னும் இணையவில்லை. கிண்ணியாவில் ஐந்தாம் தரம் படிக்கும் ஒரு பிள்ளைக்கு உப்புவெளியில் கூட்டாளி ஒருவன் இருப்பது அரிது. கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் தம்பலகாமத்து வயல்களுக்கும் பாய்கிறது. அந்தத் தண்ணீரில் விளைந்ததை உண்டு வளரும் சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரு நாள் முழுக்க ஒன்றாக விளையாடியிருப்பார்களா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்பதுதான் பதில்.

2012 குடிசன மதிப்பீட்டில் இந்த மாவட்டத்தின் சனத்தொகை 379,541. பத்தில் நால்வர் அளவில் முஸ்லிம்கள், மூவர் அளவில் தமிழர், நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல் சிங்களவர். எந்தச் சமூகமும் இங்கே தனிப் பெரும்பான்மை இல்லை. திருகோணமலை, திருகோணமலை வடக்கு, மூதூர், கிண்ணியா, கந்தளாய் என்று கல்வி வலயங்கள் ஐந்து. பாடசாலைகள் மொழியாலும் மதத்தாலும் பிரிந்து கிடக்கின்றன. தாய்மொழிக் கல்வி வந்தது நல்லதற்குத்தான். ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் எழுத்து கிடைத்தது அதனால்தான். ஆனால் ஒரே வகுப்பறையில் தோளோடு தோள் இருந்து படிக்கும் வாய்ப்பு அதோடு போயிற்று. அந்த வெற்றிடத்தை வேறு எதையாவது கொண்டு நிரப்ப வேண்டும் என்று அன்று யாரும் பெரிதாக எண்ணவில்லை.

பழகுவது என்று இங்கே நான் சொல்வது சின்னச் சின்ன விடயங்களை. தன் முறை வரும்வரை பொறுத்திருத்தல், மற்றவன் சொல்லி முடிக்கும்வரை கேட்டல், கை ஓங்காமல் மறுத்தல், தோற்ற பிறகும் நாளைக்கு விளையாட வருதல், ஓரத்தில் நிற்கிறவளை உள்ளே கூப்பிடுதல், தப்புச் செய்தால் அதை ஒத்துக்கொள்ளல். வயது வந்தால் இதெல்லாம் தானாக வரும் என்று பெரியவர்கள் நம்புகிறார்கள். தானாக வருவதில்லை. அதற்கு ஓர் இடமும், தொடர்ந்து கிடைக்கும் நேரமும், எப்போது தலையிட வேண்டும் எப்போது வாய் திறக்கக் கூடாது என்று தெரிந்த ஒரு பெரியவரும் வேண்டும். திருகோணமலையின் கடந்த ஐம்பது ஆண்டுகளைப் பார்த்தால், இந்த மூன்றும் ஒரே நேரத்தில் கிடைத்த காலம் மிகக் குறைவு.

போருக்கு முந்திய பிள்ளைகளுக்கு இதையெல்லாம் கற்றுக்கொடுத்தது தெரு. பள்ளி விட்டு வந்து புத்தகத்தை விறாந்தையில் போட்டுவிட்டு ஓடினால் கிளித்தட்டு, கிட்டி, ஒளித்துப் பிடித்து. மர நிழலில் கொக்கான் வெட்டும் பெண்பிள்ளைகள். கிளித்தட்டில் கோட்டைத் தாண்டும்போது கை பட்டதா படவில்லையா என்ற சண்டை வராத நாளே கிடையாது. தீர்ப்புச் சொல்ல நடுவர் இல்லை. இருட்டிவிட்டால் ஆட்டம் முடிந்துவிடும் என்பதால் வழக்கைச் சீக்கிரம் தீர்த்தாக வேண்டும். ஒருவன் விட்டுக்கொடுப்பான், அடுத்த ஆட்டத்தில் அதற்கு ஈடு கேட்பான். சின்னத் தம்பிமாரைக் கணக்கில் எடுக்காமல் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. பேரம் பேசவும் பொறுத்துப்போகவும் இதைவிட நல்ல பயிற்சி எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. பட்டினத்துக்குள் தமிழ், முஸ்லிம், சிங்கள வீடுகள் அடுத்தடுத்து இருந்த தெருக்களில் மூன்று மொழியும் விளையாட்டோடு வந்தது. அப்படி மூன்று மொழியும் சரளமாகப் பேசும் முதியவர்களை இன்றும் திருகோணமலையில் காணலாம்.

ஆனால் அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க எனக்கு விருப்பமில்லை. பெரியபிள்ளையானதும் பெண்பிள்ளை தெருவிலிருந்து மறைந்துவிடுவாள். சாதி பார்த்துப் பிள்ளையைத் திருப்பிக் கூப்பிட்ட வாசல்களும் இருந்தன. கால் இயலாத பிள்ளை விறாந்தையில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும். வாய் திக்குகிற பிள்ளைக்குப் பட்டப்பெயர்தான் கிடைத்தது. பலமுள்ளவன் சட்டம் வைத்தான், கூச்சமுள்ளவன் அதற்கு அடங்கினான். தெரு பலருக்கு ஆசிரியராக இருந்தது; மிகவும் தேவைப்பட்ட பிள்ளைகளைத்தான் அது கைவிட்டது. வழிநடத்துகிற ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

1983 இலும், 1985 இலும், மீண்டும் 1990 ஜூனிலும் இந்த மாவட்டத்தில் வீடுகள் எரிந்தன, ஊர்கள் இடம்பெயர்ந்தன. சிலர் முகாம்களுக்குப் போனார்கள், சிலர் கடல் கடந்து இந்தியாவுக்குப் போனார்கள். திரும்பி வந்தவர்கள் தங்கள் சனம் இருக்கும் பக்கமாகப் பார்த்துக் குடியேறினார்கள். கலந்திருந்த தெருக்கள் தனித்தனியாயின. பிள்ளைகள் கூடும் இடம் என்றாலே தாய்மாருக்குப் பயம். கிழக்கில் பிள்ளைகள் ஆயுதக் குழுக்களில் சேர்க்கப்பட்டதை ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கைகள் ஆண்டுதோறும் பதிவு செய்தன. மறுபுறம் சோதனைச் சாவடி, சுற்றிவளைப்பு. 2006 ஜனவரி 2 ஆம் திகதி, திருகோணமலைக் கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகே கூடியிருந்த ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். நாலு நண்பர்கள் கடற்காற்று வாங்கப் போவதுகூட உயிராபத்து என்று அந்த ஊரின் ஒவ்வொரு வீடும் அன்று புரிந்துகொண்டது. அதே ஆண்டு மாவிலாற்றில் தொடங்கிய சண்டையில் மூதூர் முழுக்கக் காலியானது. சம்பூர் மக்கள் கிளிவெட்டி முதலான இடங்களில் கூடாரங்களிலும் தகரக் கொட்டில்களிலும் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுடைய காணிகள் திரும்பக் கிடைத்தது 2015 இலும் 2016 இலும்தான். முகாமில் பிறந்து முகாமிலேயே பள்ளி சேரும் வயதுக்கு வளர்ந்த பிள்ளைகள் அங்கே இருந்தார்கள்.

போர் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் நடத்தியது. ஒருத்தரோடும் கதைக்காதே, பெயர் கேட்டால் சொல்லாதே, கூட்டம் கண்டால் விலகு, பொழுது படமுந்தி வீட்டுக்கு வா. பழகுவதற்கு வேண்டிய எல்லாவற்றுக்கும் நேர் எதிரான பாடம் அது. பிள்ளைகள் அதை நன்றாகவே கற்றார்கள்; அது அவர்களுடைய உயிரைக் காத்தது. பின்னாளில் குழுவில் வந்து வாய் திறக்காமல் இருந்த பிள்ளையை மந்தம் என்றும் பிடிவாதம் என்றும் எழுதிவைத்தவர்கள் இதை யோசித்திருக்க வேண்டும். அந்த மௌனத்துக்குப் பின்னால் ஒரு தாயின் எச்சரிக்கை இருந்தது.

இப்படியான காலத்தில்தான், தெற்கே மட்டக்களப்பில், 1996 இல் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா திறந்தது. கனடாவைச் சேர்ந்த ஓவியக் கலைஞர் போல் ஹோகனும், உளவளத்துணையில் தேர்ந்த இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும், கனடிய மருத்துவர் ரொப் சேஸும் அதன் தொடக்கத்தில் முக்கியமானவர்கள். ஹோகன் அதற்கு முன் ரொறன்ரோவில், உடல் இயலாமை உள்ள பிள்ளைகளையும் இல்லாதவர்களையும் ஒரே தோட்டத்தில் விளையாட விட்ட ஒரு முயற்சியை நடத்தியவர். விலக்கப்பட்ட பிள்ளையையும் விலக்கிய பிள்ளையையும் ஒரே களிமண்ணில் கைவைக்கச் செய்த அந்த அனுபவம், போரால் பிரிந்த பிள்ளைகளுக்கும் பொருந்தியது.

வாவிக் கரையை அண்டிய அந்த வளவுக்குத் தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். ஒரே பிள்ளைகள் வாரம் ஒரு நாளாக மாதக்கணக்கில் வந்தார்கள். களிமண், வர்ணம், முகமூடி, பொம்மை, கதை, பாட்டு, செடி, வளர்ப்பு மிருகங்கள். யாரும் அவர்களிடம் “உனக்கு என்ன நடந்தது?” என்று கேட்கவில்லை. கதை கட்டச் சொன்னார்கள். பிள்ளை தன் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் அரக்கனையும் அரசனையும் வைத்துச் சொல்லிக்கொள்ளலாம். சொல்ல விருப்பமில்லையென்றால் முயலுக்குப் புல் போடலாம். முடிவில் எல்லோரும் சேர்ந்து ஒரு கூத்துப் போலக் கட்டி ஊருக்குக் காட்டுவார்கள். அங்கே வேலை செய்தவர்கள் உள்ளூர் இளைஞர்கள். அதே போரைத் தாங்களும் கடந்து வந்தவர்கள்.

அந்தப் பூங்காவில் எனக்குப் பெரிதாகப் படுவது அந்த பஸ்ஸும் அந்த மாதக்கணக்கும். நல்ல எண்ணம் கொண்டவர்கள் எத்தனையோ பேர் வந்தார்கள். பிள்ளையை வீட்டு வாசலிலிருந்து கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடவும், ஒரே பிள்ளையை முக்கால் ஆண்டு தொடர்ந்து பார்க்கவும் தயாராக இருந்தவர்கள் குறைவு. தாய் நம்புவது அந்தத் தொடர்ச்சியைத்தான்.

திருகோணமலைக்கு வந்தது வேறு மாதிரி. 2004 டிசம்பர் 26 ஆம் திகதிக் கடல் கிண்ணியா ஆஸ்பத்திரியை உடைத்தது, மூதூர், நிலாவெளி, குச்சவெளிக் கரைகளை வாரிப்போனது. அதன் பின் முகாம்களில் சிறுவர் நேய இடங்கள் தோன்றின. யுனிசெப், சேவ் த சில்ரன் முதலிய அமைப்புகளின் உதவியோடு போட்ட கொட்டில்கள் அவை. கிடுகுக் கூரை அல்லது தறப்பாள், கீழே பாய், ஒரு பெட்டி நிறைய விளையாட்டுச் சாமான், ஊரிலேயே தெரிந்தெடுத்த இரண்டு மூன்று அக்காமார். காலையில் சின்னப் பிள்ளைகள், பள்ளி விட்ட பிறகு பெரிய பிள்ளைகள். இந்த மாவட்டத்தில் பல ஊர்கள் வழிநடத்தப்பட்ட குழு அமர்வு என்பதை முதன்முதலாகக் கண்டது அந்தக் கொட்டில்களில்தான். 2006 இடப்பெயர்வின்போதும் அதே வடிவம் மீண்டும் வந்தது.

அவற்றில் நல்லது நிறைய. தாய் நிவாரண வரிசையில் நிற்கும்போது பிள்ளை பாதுகாப்பாக இருந்தது. நாளுக்கு ஓர் ஒழுங்கு வந்தது. பத்தாம் வகுப்போடு நின்ற எத்தனையோ பெண்பிள்ளைகள் அங்கே அக்காமாராகப் பயிற்சி பெற்றுத் தங்கள் காலில் நிற்கக் கற்றார்கள். ஆனால் கெட்டதும் கலந்தே வந்தது. வெளியிலிருந்து வந்து ஒரு நாள் மட்டும் இருந்து, கடல் அலையை வரையச் சொல்லி, அழ வைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. இத்தகைய ஒருநாள் மனக்குமுறல் கொட்டும் அமர்வுகள் கூடாது என்று 2007 இல் வந்த சர்வதேச வழிகாட்டி தெளிவாகவே சொன்னது. நம் கரையோரத்தின் பட்டறிவும் அந்த வழிகாட்டிக்குப் பின்னால் இருக்கிறது. மட்டக்களப்பில் ஆனந்த கலப்பத்தி போன்ற உளசமூகப் பணியாளர்கள் சுனாமிக்குப் பின் மாங்குரோவ் என்ற ஒருங்கிணைப்பு அமைப்பை நடத்தியது, யார் எந்த ஊரில் எந்தப் பிள்ளையோடு என்ன செய்கிறார்கள் என்பதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்பதற்காகவே.

நல்ல அமர்வு ஒன்று எப்படி நடக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விளையாட்டுக் காட்டுவதுதானே என்று பெற்றோரும் அதிபர்மாரும் நினைத்துவிடுகிறார்கள்.

பன்னிரண்டு பிள்ளைகள், இரண்டு பெரியவர்கள். எல்லோரும் வட்டமாக இருப்பார்கள், பெரியவரும் நிலத்தில்தான். தொடக்கம் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி: பெயர் சொல்லி ஓர் அசைவு, மற்றவர்கள் அதைத் திருப்பிச் செய்வார்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதே பயந்த பிள்ளைக்கு ஆறுதல். சட்டங்களைப் பிள்ளைகளே சொல்வார்கள், பெரியவர் எழுதுவார். பிறகு தனியாகச் செய்யவே முடியாத ஒரு வேலை. பழைய சேலை ஒன்றைச் சுற்றி நின்று எல்லோரும் விளிம்பைப் பிடித்து, நடுவில் பந்தை விழாமல் ஓட விட வேண்டும். ஒருவர் அதிகம் இழுத்தாலும் பந்து விழும், ஒருவர் விட்டாலும் விழும். இரண்டாவது நிமிடமே குற்றச்சாட்டுத் தொடங்கும்: “அவன்தான் இழுத்தவன்.” இங்கேதான் பெரியவரின் திறமை. தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆட்டத்தை நிறுத்தி, “இப்ப என்ன நடந்தது? அடுத்த முறை என்ன செய்து பார்ப்பம்?” என்று மட்டும் கேட்க வேண்டும். பதில் வரும்வரை பொறுக்க வேண்டும். அந்த அரை நிமிட மௌனத்தைத் தாங்க முடியாமல் தானே விடையைச் சொல்லிவிடுகிற பெரியவரால் அமர்வு பாடமாகிவிடும்.

பேசாத பிள்ளையிடம் கேள்வி கேட்பதைவிட ஒரு வேலை கொடுப்பது நல்லது. பந்தை எடுத்து வருகிறவள், மணி அடிக்கிறவன், வர்ணப் பெட்டிக்குப் பொறுப்பானவள். முரட்டுப் பிள்ளைக்கு அதே ஆட்டத்தில் நேரம் பார்க்கும் பொறுப்பு. இருவர் சண்டை பிடித்தால் அடுத்த வாரம் அந்த இருவரும் சேர்ந்து செய்ய வேண்டிய சின்ன வேலை ஒன்று இருக்கும். அதைப் பெரியவர் முன்கூட்டியே நினைத்து வைத்திருப்பார். மூன்று மொழிப் பிள்ளைகள் வந்தால் முதல் சில வாரங்களுக்கு மொழி வேண்டாத வேலைகளே கொடுக்கப்படும்: களிமண், தாளம், ஓட்டம், முகமூடி. சொல் பிறகு வரும். பாடசாலையில் இரண்டாம் மொழியை ஆண்டுக்கணக்கில் எழுதிப் படித்தும் ஒரு வாக்கியம் பேசத் தயங்கும் பிள்ளை, “எனக்குத் தா” என்று கேட்டே ஆக வேண்டிய இடத்தில் அதைச் சொல்லிவிடும். முடிவில் மறுபடி வட்டம், இன்று யார் உனக்கு உதவினார்கள் என்ற கேள்வி. பிள்ளைகள் போன பிறகு பெரியவர்கள் இருவரும் இருந்து, எந்தப் பிள்ளையை இன்று கவனிக்காமல் விட்டோம் என்று எழுதி வைப்பார்கள். அந்தக் குறிப்பு இல்லாமல் நடப்பதை நான் அமர்வு என்று எண்ணுவதில்லை.

இது வேலை செய்கிறதா என்ற கேள்வி நியாயமானது. இலங்கையிலேயே செய்த இரண்டு ஆய்வுகள் நேர்மையான பதிலைத் தருகின்றன. தீபக் மல்ஹோத்ராவும் சுமணசிறி லியனகேயும் 2005 இல் வெளியிட்டது ஒன்று. சிங்கள, தமிழ், முஸ்லிம் இளைஞர்கள் நான்கு நாட்கள் ஒன்றாகத் தங்கிய சமாதானப் பட்டறையில் கலந்துகொண்டவர்களை ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தபோது, கலந்துகொள்ளாதவர்களைவிட மற்றச் சமூகத்தவர் மீது அவர்களுக்கு இரக்கம் கூடியிருந்தது. மற்றச் சமூகத்து ஏழைப் பிள்ளைகளுக்காகக் கேட்டபோது தங்கள் கையிலிருந்து கூடுதலாகவும் கொடுத்தார்கள். நான்கு நாள் ஓர் ஆண்டு தாங்கியது.

மற்றது கசப்பும் கலந்தது. வீட்சே டொல், மார்க் ஜோர்டான்ஸ் குழுவினர் போர் ஓயாத காலத்தில் வடக்குப் பாடசாலைகளில் 399 பிள்ளைகளோடு நடத்தி 2012 இல் வெளியிட்டார்கள். ஐந்து வாரங்களில் 15 அமர்வுகள். விளையாட்டு, நடிப்பு, கூட்டுச் செயற்பாடு எல்லாம் இருந்தன. ஆண்பிள்ளைகளிடமும் வயது குறைந்த பிள்ளைகளிடமும் சில நன்மைகள் தெரிந்தன. ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான பெரிய முன்னேற்றம் இல்லை. பெண்பிள்ளைகளில், அமர்வுக்கு வந்தவர்களைவிட வராமல் காத்திருந்தவர்களுக்கே அதிர்ச்சி அறிகுறிகள் அதிகம் குறைந்திருந்தன. இதை மறைக்காமல் எழுதிய ஆய்வாளர்களை மதிக்கிறேன். வெளியே ஆபத்து தொடரும்போது உள்ளே ஐந்து வாரம் விளையாடிவிட்டு எல்லாம் சரியாகும் என்று எதிர்பார்க்க முடியாது. பயத்தை நினைவுபடுத்திப் பேசவைக்கும் பகுதி எல்லாப் பிள்ளைக்கும் ஒத்துவராது என்றும் நான் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். பழகக் கற்பிப்பது ஒரு வேலை, காயத்துக்கு மருந்து போடுவது இன்னொரு வேலை. முதலாவதைப் பயிற்சி பெற்ற அக்கா செய்யலாம். இரண்டாவதற்கு ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்கு வழிகாட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி இன்று.

சத்தம் ஓய்ந்து பதினைந்து ஆண்டுக்கு மேல். கடற்கரையில் மாலையில் மறுபடி சனம். முகாம்கள் போய்விட்டன, அவற்றோடு கொட்டில்களும் போய்விட்டன. திட்டம் முடிந்தது, நிதி முடிந்தது, அக்காமாரில் பலர் கல்யாணம் செய்து போனார்கள், சிலர் மத்திய கிழக்குக்குப் போனார்கள், சிலர் முன்பள்ளி ஆசிரியைகளாக மிகச் சிறிய கொடுப்பனவுக்கு வேலை செய்கிறார்கள். இந்த மாவட்டம் இருபது ஆண்டுகளாகச் சேர்த்த ஒரு தொழில் அறிவு, அதை வைத்திருக்கும் பெண்களின் குடும்பக் கஷ்டத்தோடு சேர்ந்து கரைந்துகொண்டிருக்கிறது. எனக்கு மிகவும் வலிக்கும் இடம் இதுதான்.

பிள்ளையின் நாளும் மாறிவிட்டது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை மூன்றாம் தரத்திலேயே தொடங்கிவிடுகிறது. பள்ளி விட்டால் ரியூசன், ரியூசன் விட்டால் போன். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது போன்தான் வகுப்பறையானது. திறந்த பிறகும் அது பிள்ளையின் கையை விட்டு இறங்கவில்லை. 2022 நெருக்கடியில் பெற்றோல் இல்லாமல் மறுபடி பள்ளிகள் மூடின. அந்த ஆண்டுகளில் முன்பள்ளி வயதில் இருந்த பிள்ளைகள் இன்று ஆரம்பப் பாடசாலையில் இருக்கிறார்கள். பென்சிலை இரவல் கேட்கத் தெரியாமல் பறிக்கிறார்கள், தோற்றால் விளையாட்டை விட்டுப் போய்விடுகிறார்கள் என்று ஆரம்பப் பிரிவு ஆசிரியைகள் சொல்லும்போது, பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கற்கும் வயதில் அவர்களுக்கு முன்னால் இன்னொரு பிள்ளை இருக்கவில்லை.

ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் கீழ் கிராமங்களில் சிறுவர் கழகங்கள் இருக்கின்றன. பிரதேச செயலகங்களில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் உளவளத்துணை உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். நல்ல உத்தியோகத்தர் கிடைத்த ஊரில் கழகம் உயிரோடு இருக்கிறது. மற்ற ஊர்களில் சிறுவர் தினத்துக்குக் கூடிப் பரிசு வாங்கிக் கலைகிறது. ஞாயிற்றுக்கிழமை அறநெறிப் பாடசாலை, மாலை மத்ரஸா, மறைக்கல்வி வகுப்பு, தஹம் பாசல் எல்லாம் நடக்கின்றன. அவை பிள்ளைக்கு வேர் தருகின்றன. ஆனால் ஒவ்வொன்றிலும் இருப்பது தன் சனத்துப் பிள்ளைகள்தான்.

சும்மா ஒன்றாக ஏற்றிக் கொண்டுவந்து இருத்திவிட்டால் ஒற்றுமை வந்துவிடும் என்ற எண்ணமும் தவறு. சமமான இடம், பொதுவான இலக்கு, கூடிச் செய்யும் வேலை, பெரியவர்களின் ஆதரவு ஆகிய நான்கும் இருந்தால்தான் சந்திப்பு நன்மை தரும் என்று அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954 இலேயே எழுதினார். நம் ஊரில் நல்லிணக்க நாள் என்று மூன்று பாடசாலைப் பிள்ளைகளை மண்டபத்தில் வரிசையாக இருத்தி, பேச்சுகள் கேட்கவைத்து, ஒரு நடனம் காட்டி, பொதி கொடுத்து அனுப்புகிறார்கள். அந்த நான்கில் ஒன்றுகூட அங்கே இல்லை. பிள்ளைகள் தங்கள் பக்கத்து ஆளோடு கதைத்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

செலவில்லாத வழியும் ஒன்று உண்டு. 1971 இல் டெக்சாஸ் மாநிலத்து ஒஸ்டின் நகரில், கறுப்பு, வெள்ளை, மெக்சிக்க வம்சாவளிப் பிள்ளைகள் முதன்முதலாக ஒரே வகுப்பில் சேர்க்கப்பட்டுச் சண்டை மூண்டபோது உளவியலாளர் எலியட் அரன்சன் அதைச் செய்து பார்த்தார். பாடத்தைத் துண்டுகளாக்கி, குழுவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டு. மற்றவன் சொல்வதைக் கேட்டால்தான் பாடம் முழுமையாகும். திருகோணமலைத் துறைமுகம் என்ற பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பருவக்காற்று ஒருவருக்கு, மகாவலி கடலில் விழும் கொட்டியாரக் குடா இன்னொருவருக்கு, 1957 வரை இருந்த பிரித்தானியக் கடற்படைத் தளம் ஒருவருக்கு, இன்றைய மீனவர் வாழ்க்கை வேறொருவருக்கு. பின்வாங்கில் இருக்கும் பிள்ளை வாய் திறந்தே ஆக வேண்டும், முன்வாங்குப் பிள்ளை காது கொடுத்தே ஆக வேண்டும். இதற்குத் திட்ட அறிக்கையும் வேண்டாம், வெளிநாட்டு நிதியும் வேண்டாம். ஆசிரியைக்கு ஒரு நாள் பயிற்சியும், சத்தம் வந்தால் கோபிக்காத அதிபரும் போதும்.

ஆனால் சமூகங்கள் கலந்த அமர்வுக்கு வாகனம் வேண்டும், அந்தச் செலவை மறைக்கக் கூடாது. 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவை கவிழ்ந்து பள்ளிக்குப் போன பிள்ளைகள் இறந்தார்கள். பெரிய பாலங்கள் வந்த பிறகும் இந்த மாவட்டத்துத் தாய்மாருக்குப் பிள்ளையைத் தனியே தூரம் அனுப்பப் பயம் இருக்கிறது, அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. கூடுமிடம் நடந்து வரும் தூரத்தில் இருக்க வேண்டும், அல்லது பஸ் வாசலுக்கு வர வேண்டும். மட்டக்களப்புப் பூங்கா 1996 இல், சண்டைக்கு நடுவில், சோதனைச் சாவடிகளைத் தாண்டிச் செய்ததை, பாலமும் கார்ப்பெட் வீதியும் உள்ள இன்று செய்ய முடியாது என்பதை நான் ஏற்கவில்லை.

ஐந்து வலயக் கல்விப் பணிப்பாளர்களிடமும் மாவட்டச் செயலகத்திடமும் கேட்பது இதுதான். சுனாமிக் காலத்திலும் முகாம் காலத்திலும் பயிற்சி பெற்ற அந்த அக்காமார், அண்ணாமார் யார் யார், எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று முதலில் ஒரு பட்டியல் எடுங்கள். அவர்களுக்கு நிரந்தர நியமனமும் நியாயமான சம்பளமும் கொடுத்து, ஒவ்வொரு வலயத்திலும் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு பிற்பகலை ஒதுக்குங்கள். தவணைக்குச் சில நாட்களாவது கந்தளாய், கிண்ணியா, மூதூர், பட்டினத்துப் பிள்ளைகளை ஒரே குழுவாக, அதே முகங்களாக, ஆண்டு முழுக்கச் சந்திக்க விடுங்கள். பெற்றோரிடமும் ஒன்று. அந்தப் பிற்பகலில் ரியூசன் வைக்காதீர்கள்.